குடும்ப வினாடி வினா நடத்துவோருக்கு, ஓர மேசையிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களே, குவிஸ் மாஸ்டர்களே, மேடை ஓரத்தில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருக்கும் நடுவர்களே,

வணக்கம். நீங்கள் நடத்தும் குடும்ப வினாடி வினாப் போட்டிகளில் எப்படியோ எங்களுக்குக் கடைசி மேசைதான் வந்து வாய்க்கிறது. எங்கள் அணியில் நான்கு பேர். என் அப்பாவுக்கு 74 வயது, எனக்கு 44, பெரியவளுக்கு 16, சின்னவனுக்கு 11. என் கணவர் பார்வையாளர் வரிசையில் இருப்பார். விடை தெரிந்துவிட்டால் அவருக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வராது. ஒரு முறை கீழே உட்கார்ந்தபடி உரக்கச் சொல்லி எங்கள் அணிக்கே மைனஸ் மதிப்பெண் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, எல்லா அணிகளின் மதிப்பெண்ணையும் குறிக்கும் வேலையை ஒப்படைத்திருக்கிறோம்.

ஐந்து வருடமாகப் போட்டி போட்டுவருகிறோம். ஒரு தடவை முதல் பரிசு, இரண்டு தடவை இரண்டாம் பரிசு, மற்றபடி பங்கேற்புச் சான்றிதழ்கள். தோற்ற எரிச்சலில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் அதுவும் உண்டு, மறைப்பானேன். ஆனால் ஜெயித்த நாளிலும் இதே குறை இருந்தது.

குறை இதுதான். பேனரில் ‘குடும்ப’ என்ற சொல்லைப் பெரிதாகப் போடுகிறீர்கள். மேடையேறிய பிறகு எங்களைக் குடும்பமாக யோசிக்க விடுவதில்லை. நான்கு பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசுகிறோமே, அந்த அரை நிமிடத்துக்காகத்தான் நாங்கள் வருகிறோம். பத்து விநாடி, முந்தி அழுத்துபவர் விடை சொல்லும் பஸ்சர் பொத்தான், ‘கேப்டன் மட்டும் பேசவும்’, ‘இது ஜூனியர் சுற்று, பெரியவர்கள் தள்ளி உட்காரவும்’ என்று நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு விதியும் அந்த அரை நிமிடத்தில்தான் கை வைக்கிறது.

சென்ற வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆடியோ சுற்று. ஸ்பீக்கரில் ஒரு ஒலியைப் போட்டார்கள். பிப் பிப் பிப், பீ… பீ…, பிப் பிப் பிப். “இந்த ஒலி என்ன சொல்கிறது?” இவ்வளவுதான் கேள்வி.

எனக்குக் கேட்டதுமே உடம்பெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பழைய நோக்கியா ஃபோனில் செய்தி வந்தால் ஒலிக்கும் சத்தம் அது. என் முதல் ஃபோனில் இதைத்தான் வைத்திருந்தேன். ஆனால் ‘என்ன சொல்கிறது’ என்றால் என்ன சொல்ல? செய்தி வந்திருக்கிறது என்று சொல்கிறது, வேறென்ன? பெரியவள் என் காதோரம், “ம்மா, இது மோர்ஸ் மாதிரி இருக்கும்மா” என்றாள். குட்டை ஒலி, நீள ஒலிகளாலேயே எழுத்துகளைச் சொல்லும் தந்திக் குறியீடுதான் மோர்ஸ். வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் அப்பா. பள்ளிக்கூட நாளில் சாரணர் படையில் இருந்தபோது கற்றது. ஆனால் பாருங்கள், அப்பாவுக்கு அந்த ஒலி கேட்கவே இல்லை. வயதாக ஆக முதலில் காதைவிட்டுப் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான். காதுக்கருவி இருந்தும், ஸ்பீக்கர் இரைச்சலில் அவருக்கு அது வெறும் கரகரப்பு.

சின்னவன் தாத்தாவின் வலது கையை இழுத்து மேசைமேல் வைத்தான். புறங்கையில் ஆட்காட்டி விரலால் தட்ட ஆரம்பித்தான். மூன்று சின்னத் தட்டல். பிறகு விரலை அழுத்தி இரண்டு நீளம். மறுபடியும் மூன்று சின்னது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். “இன்னொரு தடவை தட்டுடா.” தட்டினான். அப்பாவின் உதடு அசைந்தது. “எஸ்… எம்… எஸ். ஏம்மா, நம்ம எஸ்.எம்.எஸ்.தானா இது?”

அதேதான். அந்த ஒலி மோர்ஸில் தன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வருடக்கணக்காக என் பையில் கிடந்து கத்தியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. துணைக் கேள்வியாக, முதல் எஸ்.எம்.எஸ். எந்த ஆண்டு அனுப்பப்பட்டது என்று கேட்டார்கள். பெரியவள் 1992 என்றாள். டிசம்பர் 3, ‘மெரி கிறிஸ்துமஸ்’ என்று அனுப்பினார்கள் என்பது வரைக்கும் வைத்திருந்தாள். எங்கே படித்தாளோ.

நான்கு பேரில் எவரைத் தனியாக உட்கார வைத்திருந்தாலும் அந்தக் கேள்வி கை நழுவியிருக்கும். மூன்று துண்டு விடை மூன்று தலைக்குள் கிடந்தது. விடையில் எந்தத் துண்டும் இல்லாத சின்னவன்தான் அதை ஒட்டினான். மொத்தம் முப்பது, நாற்பது விநாடி ஆகியிருக்கும். அந்த குவிஸ் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்காதவர்போல மேடையின் மறுபக்கம் போய் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாட்டிலில் தண்ணீர் இருந்ததா என்றுகூட எனக்குச் சந்தேகம். அவர் இதைப் படித்தால், எங்கள் நன்றி.

அடுத்த மாதம் வேறொரு மேடை. தென் துருவத்தை முதலில் அடைந்தவர் யார்? பத்து விநாடி. அப்பா நெற்றியைத் தேய்த்தார். “‘அ’வில ஆரம்பிக்கும்… நார்வேக்காரர்… ஸ்காட் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே போய்க் கொடி நட்டுட்டார்… 1911…” டிங். நேரம் முடிந்தது. டிங் ஓய்வதற்குள் பெரியவள் “அமுண்ட்சென்!” என்றாள். அவளுக்குப் பெயர் தெரியும். எந்தப் பயணத்தின் பெயர் என்றுதான் தெரியாது. அப்பாவுக்குப் பயணம் முழுக்கத் தெரியும், பெயர் மட்டும் தொண்டையில் நின்றது. இரண்டு விநாடியில் கோட்டைவிட்டோம்.

இப்படித் தொண்டையில் நிற்பதைப் பற்றி உளவியலாளர்கள் ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் 1966இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அரிதான சொற்களின் பொருளைப் படித்துக்காட்டி, சொல் என்ன என்று கேட்டார்கள். சொல் வராமல் தவித்தவர்களில் பலர் அதன் முதல் எழுத்தையும் எத்தனை அசை என்பதையும் சரியாகச் சொன்னார்கள். அதாவது சொல் தொலைந்துபோகவில்லை. உள்ளேதான் இருக்கிறது, கதவு கொஞ்சம் இறுகிவிட்டது. வயது ஏறினால் இந்தத் தவிப்பு கூடும், அதிலும் ஆட்களின் பெயர்களில் அதிகம். கதவைத் திறக்கத் தேவை சற்று நேரம், அல்லது பக்கத்திலிருந்து யாராவது ஒரு எழுத்து எடுத்துக்கொடுப்பது. பக்கத்தில் பேத்தியை உட்காரவைத்துவிட்டு நேரத்தை மட்டும் பறித்துக்கொள்கிறீர்கள்.

பத்து விநாடி என்பது தனியாள் போட்டியிலிருந்து வந்த வழக்கம் என்று நினைக்கிறேன். தனியாளுக்குச் சரி. கேள்வி காதில் விழுந்து, தாத்தா “என்ன கேட்டாங்க?” என்று கேட்டு, பேரன் திருப்பிச் சொல்லி முடிப்பதற்கே எங்களுக்கு எட்டு விநாடி போய்விடும். முப்பது விநாடி கொடுங்கள். போட்டி நீண்டுவிடும் என்பீர்கள். கேள்வியைக் குறைத்துக்கொள்ளலாமே. அறுபது கேள்விக்குப் பதில் முப்பது போதும். ஊருக்குப் போகும் பஸ் யாருக்கும் தவறப்போவதில்லை.

அப்புறம், எங்களில் யார் எதற்கு விடை சொல்லலாம் என்பதை நீங்களே முடிவு செய்யும் விவகாரம். ஒரு போட்டியில் ‘விளையாட்டுக் கேள்விகள் ஆண்களுக்கு, பொது அறிவு மாணவருக்கு, வரலாறு மூத்தவருக்கு’ என்று நீங்களே பிரித்துக் கொடுத்துவிட்டீர்கள். எங்கள் வீட்டில் டென்னிஸ் முழுக்க என் கணக்கு. அப்பாவுக்கு வரலாறு ஆகாது, வானியல்தான் உயிர். சின்னவனிடம் கொடிகள் பற்றி எது கேட்டாலும் சொல்வான். பெரியவள் ஆய்வகத்துக்குள் பிறந்தவள்போல வேதியியல் பேசுவாள். இதையெல்லாம் நாங்கள் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்ளவில்லை, வருடங்களாக ஒரே வீட்டில் புழங்கியதில் தானாக அமைந்தது. கேள்வி பாதி வரும்போதே எங்கள் நான்கு முகமும் ஒரே ஆள் பக்கம் திரும்பும். மேடையில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் இதையே ஒருவகை நினைவாற்றல் என்றார். விஷயம் எனக்குத் தெரியாவிட்டாலும், அது யாருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தால் போதும். 1991இல் அவரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். சில மாதங்களாகப் பழகிவரும் காதல் ஜோடிகளையும், முன்பின் அறியாத ஜோடிகளையும் உட்காரவைத்துத் தகவல்களை நினைவில் வைக்கச் சொன்னார்கள். அவரவர் போக்கில் விட்டபோது பழகிய ஜோடிகள் முந்தினார்கள். ‘உனக்கு இந்தத் துறை, உனக்கு அந்தத் துறை’ என்று வெளியிலிருந்து பிரித்துக் கொடுத்ததும் நிலைமை தலைகீழானது. பழகியவர்கள் தடுமாறினார்கள், அந்நியர்கள் முந்தினார்கள். நீங்கள் எங்களுக்குச் செய்ததும் அதுதான். வருடக்கணக்கில் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டு, ஏன் பேந்தப் பேந்த விழிக்கிறீர்கள் என்று மைக்கில் கேட்டீர்கள்.

பஸ்சரைப் பற்றி நிறையப் பேச எனக்கு விருப்பமில்லை. விரல் வேகம் இருபதுகளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்குமுகம். அதைச் சோதிக்க வேறு போட்டிகள் இருக்கின்றன. கடைசிச் சுற்றில் ஒரு கிளுகிளுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பஸ்சர் சின்னவன் கையில் இருக்கும். கேள்வி முடிவதற்குள் அழுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வைக்காகவே எத்தனை மைனஸ் வேண்டுமானாலும் தரலாம்.

பாஸ் முறையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. முதல் மேசைக்குத் தெரியாவிட்டால் இரண்டாவது, அதற்கும் தெரியாவிட்டால் மூன்றாவது என்று போகிறது. பலவீனமான அணிக்கு அடுத்து உட்கார்ந்தவர்களுக்கு யோகம். விடை சொன்ன அணிக்கு அடுத்த மேசையிலிருந்து அடுத்த கேள்வியை ஆரம்பித்தால் இந்தக் கோளாறு பெருமளவு சரியாகிவிடும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். அதைவிட நல்லது, ஒரே கேள்வியை எல்லா மேசைக்கும் கொடுத்துத் தாளில் எழுதி வாங்குவது. யாரும் கையைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்த சங்கதி. எந்தப் போட்டி, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். எழுத்துச் சுற்று. கேள்வி: உலகின் மிகப்பெரிய பாலைவனம் எது? அப்பா சஹாரா என்றார். நானும் தலையாட்டினேன். சின்னவன் பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “இல்ல தாத்தா, அண்டார்டிகா. பாலைவனம்னா மழை, பனி கம்மியா விழற இடம். சூடெல்லாம் கணக்கில்ல” என்றான். அப்பா ஒரு நிமிடம் அவனையே பார்த்தார். “எழுதுடா” என்றார்.

மேடையில் எங்கள் தாளைப் படித்த குவிஸ் மாஸ்டர் சிரித்தார். “பாலைவனம்னா மணல் இருக்கணும் தம்பி, ஐஸ் இல்ல” என்று மைக்கில் சொன்னார். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. அவர் கையிலிருந்த அட்டையில் சஹாரா என்று இருந்தது. சின்னவனின் காது மடல் சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்து வரை இறங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவன் பேனாவைத் தொடவில்லை.

அவன் சொன்னது சரி. அண்டார்டிகா சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர், சஹாரா சுமார் 92 லட்சம். உங்களுக்குச் சஹாராதான் வேண்டுமென்றால் ‘மிகப்பெரிய வெப்பப் பாலைவனம்’ என்று ஒரு சொல் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். அப்பா நடுவரிடம் போய்ச் சொன்னார். ‘குவிஸ் மாஸ்டரின் முடிவே இறுதியானது’ என்ற வரியைக் காட்டினார்கள். அந்த வரி எதற்கு என்று எனக்கும் புரிகிறது, ஒவ்வொருவரும் வந்து சண்டை போட்டால் போட்டி நடத்த முடியாது. அதற்காகப் பூமியின் அளவுகூட அட்டைக்குக் கட்டுப்படுமா? ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்க ஒரு தாள், இடைவேளையில் அதைப் பார்க்க ஒரு ஆள் போதும். விடையை மாற்ற நேர்ந்தால், சிரித்த அதே மைக்கிலேயே சொல்லிவிடுங்கள்.

அட்டையிலிருந்து அட்டைக்குக் கேள்விகள் போவது பழைய நோய்தான். அமெரிக்காவில் ஃபிரெட் வொர்த் என்பவர் துணுக்குத் தகவல்களைத் திரட்டிப் புத்தகம் போட்டார். யாராவது காப்பி அடித்தால் கண்டுபிடிக்க, அதில் ஒரு பொய்யை நட்டுவைத்தார். ‘கொலம்போ’ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதல் பெயர் ஃபிலிப் என்று. அந்த ஃபிலிப் அப்படியே ‘ட்ரிவியல் பர்சூட்’ விளையாட்டின் அட்டையில் வந்து உட்கார்ந்தார். வொர்த் 1984இல் வழக்குப் போட்டார், தோற்றார். தகவல்களுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு யார் பக்கம் போனாலும், அதுவரை எத்தனை வீடுகளில் எத்தனை பேர் ‘ஃபிலிப்’ என்று சொல்லி மதிப்பெண் வாங்கியிருப்பார்கள்!

பொய் நடாமலேயே பொய்யாகிப்போகும் விடைகளும் இருக்கின்றன. ஒரு முறை கஜகஸ்தானின் தலைநகரம் கேட்டீர்கள். அப்பா அல்மா அட்டா என்றார், அவர் படித்த காலத்தில் அதுதான். நான் அஸ்தானா என்றேன். பெரியவள் நூர் சுல்தான் என்றாள். மூவரும் ஒருவரை ஒருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டோம். கதை என்னவென்றால், தலைநகரம் 1997இல் அல்மாட்டியை, அதாவது அப்பாவின் அல்மா அட்டாவை, விட்டு அக்மோலாவுக்குப் போனது. 1998இல் அக்மோலா அஸ்தானா ஆனது. 2019இல் நூர் சுல்தான் என்று பெயர் மாற்றினார்கள், 2022இல் மறுபடியும் அஸ்தானாவே ஆக்கினார்கள். உங்கள் அட்டை 2019க்கும் 2022க்கும் நடுவில் உறைந்து நின்றிருந்தது. நாங்கள் பெரியவள் பேச்சைக் கேட்டு நூர் சுல்தான் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். வாங்கியதைத் திருப்பித் தரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், இதே விஷயத்தை, ‘1997இல் தலைநகரம் இடம் மாறியது, அதற்குப் பிறகு ஒரே நகரம், பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது, எந்த நாடு?’ என்று கேட்டிருந்தால் மூன்று தலைமுறையும் ஆளுக்கொரு பெயரைக் கொண்டுவந்து போட்டிருப்போம். மனிதர்களுக்குப் பத்து வயது முதல் முப்பது வயது வரை நடந்தவைதான் அதிகம் நினைவில் தங்கும் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கும் முடிவு. அப்பாவின் உலகத்தில் சூரியனுக்கு ஒன்பது கோள். 2006இல் புளூட்டோவை நீக்கியது அவருக்குத் தெரியும், ஆனாலும் வாயில் முதலில் வருவது ஒன்பது. சின்னவனுக்கு எட்டு. எனக்கு எட்டு என்று சொல்வதற்கு முன் அரை விநாடித் தயக்கம். ஒவ்வொருவரும் அவரவர் இளமையைத்தான் மேடைக்கு எடுத்துவருகிறோம். ஒரே பத்தாண்டிலிருந்து எல்லாக் கேள்வியும் எடுத்தால், அணியில் ஒருவர் விளையாடுவார், மூன்று பேர் கை தட்டுவோம்.

நினைவை மட்டும் நம்பாத கேள்விகளும் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒன்று: 1896 பிப்ரவரி 29 அன்று பிறந்தவருக்கு, அடுத்த பிப்ரவரி 29 எந்த ஆண்டு வந்திருக்கும்? சின்னவன் நான்கைக் கூட்டி 1900 என்றான். பெரியவள், “இருடா, நூற்றாண்டு” என்று அவன் கையைப் பிடித்தாள். நூற்றாண்டு ஆண்டு லீப் ஆண்டாக இருக்க வேண்டுமென்றால் 400ஆல் வகுபட வேண்டும். 2000 வகுபடும், 1900 வகுபடாது. அதனால் 1904, எட்டு வருடம் காத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு அந்த முகம் தெரியாத ஆள்மேல் இரக்கமே வந்துவிட்டது. “எட்டு வயசுலதான் மொத பிறந்தநாளா?” என்றார். அடுத்த கேள்வியை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. அதில் மைனஸ். பரவாயில்லை.

எல்லாக் குற்றமும் உங்கள்மேல் என்று சொன்னால் அது பொய். எங்கள் மேசையிலும் கோளாறு உண்டு. முதலில் வாயைத் திறப்பவர் மற்றவர் நினைவைக் கெடுத்துவிடுகிறார். சேர்ந்து உட்கார்ந்து நினைவுகூர்பவர்கள், தனித்தனியாக எழுதிப் பிறகு கூட்டிக்கொண்டால் கிடைப்பதைவிடக் குறைவாகத்தான் நினைவுகூர்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்கள் வீட்டில் இதற்கு ஆய்வே வேண்டாம். அப்பா சத்தமாக ஒன்றைச் சொல்லிவிட்டால் பெரியவள் தனக்குத் தெரிந்ததை விழுங்கிவிடுவாள். தாத்தா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு பழக்கம். போட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், “நான் அதைத்தான் நினைச்சேன்” என்பாள். எத்தனை முறை கேட்டிருப்பேன் இந்த வாக்கியத்தை! விடை தெரிந்தாலும் அப்பா முகத்தைப் பார்ப்பது பொதுவான வழக்கம்தான் போல. 1999இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பத்து லட்சம் டாலர் வென்ற ஜான் கார்பென்டர், கடைசிக் கேள்விக்கு உதவி கேட்கும் அழைப்பைத் தன் அப்பாவுக்குப் போட்டார். உதவி கேட்க இல்லை, ஜெயிக்கப்போகிறேன் என்று சொல்ல!

இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். கேள்வி வந்ததும் பத்து விநாடி யாரும் பேசக் கூடாது. ஆளுக்கொரு துண்டுத் தாளில் எழுதுவது, பிறகு நான்கையும் நடுவில் வைத்துப் பேசுவது, சின்னவன் தாளை முதலில் திருப்புவது. இந்த ஏற்பாடு வந்தபிறகு பெரியவளின் ‘அதைத்தான் நினைச்சேன்’ குறைந்துவிட்டது, மேசையில் சண்டை கூடிவிட்டது. ஆனால் நீங்கள் மேசைக்கு ஒரு பேனாதான் வைக்கிறீர்கள். நான்கு பேனா வையுங்கள். சென்ற முறை நாங்களே கொண்டுவந்தோம், ‘வெளிப் பொருள் அனுமதி இல்லை’ என்று ஒரு தன்னார்வலர் பிடுங்கிக்கொண்டு போனார். பிடுங்கினவர் பாவம், பள்ளிப் பையன்தான், சொன்னதைச் செய்தான்.

ஃபோனைப் பெட்டியில் போடச் சொல்வது நியாயம், போடுகிறோம். ஆனால் அப்பாவின் காதுக்கருவியின் ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் ஃபோன் வழியாகத்தான். அதை அணைத்துப் பெட்டியில் போட்டால் ஸ்பீக்கர் சத்தத்துக்கேற்ப அவரால் எதையும் மாற்றிக்கொள்ள முடிவதில்லை. ஃபோனை நடுவர் மேசையில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க அனுமதித்தால்கூடப் போதும். அதைவிட எளிது, ஒவ்வொரு கேள்வியையும் திரையில் பெரிய எழுத்தில் போடுவது. காது மந்தமானவர்களுக்கு மட்டுமல்ல, மைக்கில் விழுங்கி விழுங்கிப் பேசும் சில குவிஸ் மாஸ்டர்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் அது புண்ணியம். பெயர் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியும்.

சான்றிதழில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு பெயரை மட்டும் அச்சடிக்கிறீர்கள். ஒருமுறை மேடைக்கே ஏறாத என் கணவரின் பெயரில் வந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டது அவராம். அதைச் சட்டம் போட்டு மாட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் தான் வென்ற கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நோட்டில் மதிப்பெண் குறித்ததற்கு அவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும்தான், ஆனால் இப்படியா?

அடுத்த போட்டிக்கான படிவம் இப்போது என் முன்னால் இருக்கிறது. ‘அணித் தலைவர்’ என்று ஒரு சின்னக் கட்டம், கட்டைவிரல் நகம் அளவுக்கு. சின்னவன் அதற்குள் நான்கு பெயரையும் எறும்பு ஊர்கிற மாதிரி நுணுக்கி எழுதிவைத்திருக்கிறான், தாத்தா பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே தொங்குகிறது. அப்படியேதான் அனுப்பப்போகிறேன். அடுத்த முறை அச்சடிக்கும்போது கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
கடைசி மேசையில் வலப்பக்கத்திலிருந்து இரண்டாவதாக உட்காருபவள்